ஜெர்மன் பல்கலைக்கழகத் தேர்தல்: மாணவர் கையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது?

ஜெர்மனியில் படிக்கும் நம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். தலைப்பில் "கிரேமியன்வாலன்" என்று இருக்கும். பல்கலைக்கழகக் குழுக்களுக்கான தேர்தல் அது. செனட்டுக்கு ஒரு வாக்குச்சீட்டு, பல துறைகள் சேர்ந்த புலத்துக்கு ஒன்று, மாணவர் நாடாளுமன்றத்துக்கு ஒன்று, துறை மாணவர் குழுவுக்கு இன்னொன்று. யார் வேட்பாளர், எதற்கு இத்தனை சீட்டு என்று எதுவும் புரியாமல் பெரும்பாலோர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் பேரவைத் தேர்தல் நின்று நெடுங்காலம் ஆகிறது. அங்கிருந்து வருபவருக்கு "வெளிநாட்டுக்காரனான எனக்கு இதில் என்ன வேலை?" என்று தோன்றுவதும் இயல்புதான்.

வேலை உண்டு. பல்கலைக்கழகத் தேர்தலில் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. மாணவராகப் பதிவு செய்திருந்தால் வாக்களிக்கலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். ஜெர்மனியின் நகராட்சித் தேர்தலில்கூட ஓர் இந்தியக் குடிமகனுக்கு வாக்கு கிடையாது. அயல்நாட்டவரில் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டுமே உள்ளாட்சியில் அந்த உரிமை உண்டு. ஆக, அந்நாட்டில் ஒரு தமிழ் மாணவர் சட்டப்படி வாக்களித்து ஆள் அனுப்பக்கூடிய பொது அவை அநேகமாகப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். 2023-24 குளிர்கால செமஸ்டரில் அங்கே ஏறத்தாழ 49,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் அவர்களுக்குத்தான். குழுக்களில் அவர்களைப் பார்ப்பதோ அரிது.

இந்தக் கட்டுரை அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றியது. தனியார் நிறுவனங்களின் கதை வேறு. இன்னொன்று: ஜெர்மனியில் உயர்கல்வி மாநில விவகாரம். 16 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் இருப்பதால் பெயரும் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் மாறும். அடிப்படை பெரும்பாலும் ஒன்றே.

ஒரே தேர்தல், இரண்டு வேறு அமைப்புகள்

குழப்பத்துக்கு முதல் காரணம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அமைப்புகளின் சீட்டுகள் பல இடங்களில் ஒரே வாரத்தில் சேர்ந்து வருவது.

1. கல்விசார் தன்னாட்சி. பல்கலைக்கழகம் மாநில அரசின் நிறுவனம். அதே நேரத்தில் தன் உறுப்பினர்களால் ஆளப்படும் ஒரு சட்டபூர்வ அமைப்பும்கூட. உறுப்பினர்களில் நான்கு பிரிவுகள்: பேராசிரியர்கள், பேராசிரியர் அல்லாத ஆய்வாளர்கள் மற்றும் விரிவுரையாளர்கள், மாணவர்கள், தொழில்நுட்ப மற்றும் அலுவலகப் பணியாளர்கள். ஒவ்வொரு பிரிவும் தனக்குள் தேர்தல் நடத்தி, செனட்டுக்கும் புலக்குழுவுக்கும் ஆள் அனுப்புகிறது. முழுப் பல்கலைக்கழகத்துக்குமான விதிகளைச் செனட் கவனிக்கிறது. ஒரு புலத்தின் பாடத்திட்டம், தேர்வு விதிகள், புதிய பேராசிரியர் நியமனம் போன்றவை புலக்குழுவின் வேலை.

2. மாணவர் தன்னாட்சி. இதில் பேராசிரியர்களுக்கு இடமே இல்லை. மாணவர்கள் அனைவரும் சேர்ந்து ஒரு சட்டபூர்வ அமைப்பு. அதற்கென ஒரு நாடாளுமன்றம், அது தேர்ந்தெடுக்கும் ஒரு நிர்வாகக் குழு. அந்த நிர்வாகக் குழுவுக்குப் பல மாநிலங்களில் "ஆஸ்டா" என்று பெயர். சாக்சனி, துரிங்கியா பக்கம் போனால் "ஸ்டுரா" என்பார்கள். துறை அளவில் இருப்பது "ஃபாக்‌ஷாஃப்ட்". புதிதாக வருபவர்களுக்கு அறிமுக வாரம் நடத்துவதும் பழைய வினாத்தாள்களைச் சேர்த்து வைத்துக் கொடுப்பதும் இவர்கள்தான்.

முதல் அமைப்பில் மாணவர் சிறுபான்மை. இரண்டாவதில் மாணவரே எல்லாம். ஆனால் அதன் அதிகாரம் மாணவர் நலன் என்ற வட்டத்தைத் தாண்டாது. இந்த வேறுபாட்டை மறந்தால் "ஆஸ்டா ஏன் அந்தப் பேராசிரியரை மாற்றவில்லை?" என்ற மாதிரிக் கேள்விகள் வரும். ஆஸ்டாவால் அது முடியாது. அதற்கான மேசை வேறு.

1967-லிருந்து 1973 வரை

இந்த ஏற்பாடு இப்படி அமைந்ததற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில் பல்கலைக்கழகம் என்றால் "ஓர்டினாரியஸ்" எனப்படும் முழுப் பேராசிரியர்களின் ராஜ்ஜியம். துறை, பணம், நியமனம் மூன்றும் அவர்கள் கையில்.

1967 நவம்பர் 9 அன்று ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் புதிய ரெக்டரின், அதாவது பல்கலைக்கழகத் தலைவரின், பதவியேற்பு விழா. அங்கி அணிந்து ஊர்வலமாக வந்த பேராசிரியர்களுக்கு முன்னால் இரண்டு மாணவர்கள் ஒரு பதாகையை விரித்தார்கள். அங்கிகளுக்கு அடியில் ஆயிரம் ஆண்டு மக்கல் நாற்றம் என்பது அதன் பொருள். ஹிட்லர் ஆட்சி தன்னை "ஆயிரமாண்டு ஆட்சி" என்று பீற்றிக்கொண்டது. அன்றைய பேராசிரியர்கள் பலர் அந்த ஆட்சியிலும் பதவியில் இருந்தவர்கள். குத்தல் சரியான இடத்தில் பட்டது.

அப்புறம் மாநிலங்கள் சட்டத்தைத் திருத்த ஆரம்பித்தன. பேராசிரியர், உதவியாளர், மாணவர் மூவருக்கும் சம பங்கு என்பது மாணவர்களின் கோரிக்கை. நீடர்சாக்சன் மாநிலம் 1971-இல் ஓர் இடைக்காலச் சட்டம் கொண்டு வந்து பிற பிரிவுகளின் பங்கைக் கணிசமாக உயர்த்தியது. பேராசிரியர்களும் விரிவுரையாளர்களும் நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டு கார்ல்ஸ்ரூவில் உள்ள அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசியல் சாசனத்தின் 5-ஆம் பிரிவு அறிவியலும் ஆய்வும் கற்பித்தலும் சுதந்திரமானவை என்கிறது. எங்களைப் பிறர் வாக்குகளால் தோற்கடித்தால் அந்தச் சுதந்திரம் எங்கே என்பது அவர்கள் வாதம்.

1973 மே 29 அன்று வந்த தீர்ப்புதான் இன்றைக்கும் எல்லைக்கோடு. அதன் சாரம்:

- நான்கு பிரிவுகளும் சேர்ந்து ஆளும் பல்கலைக்கழகம் சாசனத்துக்கு விரோதமானதல்ல.
- கற்பித்தலை நேரடியாகத் தொடும் முடிவுகளில் பேராசிரியர் பிரிவுக்குக் குறைந்தது பாதி வாக்கு இருக்க வேண்டும்.
- ஆய்வு, பேராசிரியர் நியமனம் ஆகியவற்றில் பாதிக்கு மேல் வேண்டும். அதாவது மற்ற எல்லோரும் ஒன்று சேர்ந்தாலும் பேராசிரியர்களைத் தோற்கடிக்க முடியக் கூடாது.

தீர்ப்பு ஒருமனதானதல்ல. ஹெல்முட் சிமோன், வில்ட்ராவுட் ருப்-ஃபான் ப்ரூன்னெக் என்ற இரு நீதிபதிகள் மாறுபட்டார்கள். பேராசிரியர் பங்கு இத்தனை என்று கணக்குப் போட்டு விதிப்பது நீதிமன்றத்தின் வேலையா, அதைச் சட்டமன்றம் அல்லவா முடிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. எனக்கு அந்த மாறுபட்ட தீர்ப்பில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெரும்பான்மைத் தீர்ப்பே நிற்கிறது.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

உதாரணத்துக்கு 19 பேர் கொண்ட ஒரு செனட் என்று வைத்துக்கொள்வோம். பேராசிரியர் 10, மற்ற மூன்று பிரிவுக்கும் தலா 3. மூன்று மாணவர்களும் ஒரே பக்கம் கை தூக்கினாலும் பத்துக்கு முன் அது ஒன்றுமில்லை. "இது வெறும் அலங்காரம்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள்.

கணக்கு சரி. ஆனால் செனட்டில் பத்துப் பேராசிரியர்களும் ஒரே அணியாக உட்காருவதில்லை. பொறியியலுக்கும் மொழியியலுக்கும் நிதியில் சண்டை இருக்கும். பெரிய புலத்துக்கும் சிறிய புலத்துக்கும் இடத்தில் சண்டை இருக்கும். பேராசிரியர்கள் பிளவுபடும்போது மூன்று மாணவர் வாக்கு முடிவைத் திருப்பிவிடும். அதைவிட முக்கியமான ஒன்று: செனட்டுக்கு வரும் எந்தத் தீர்மானமும் அங்கே உருவாவதில்லை. அதற்கு முன் ஐந்தாறு பேர் கொண்ட ஏதோ ஒரு சிறு குழுவில், ஏதோ ஒரு மாலையில் வரைவு எழுதப்பட்டிருக்கும். மாணவர் பிரதிநிதியின் உண்மையான பலம் அந்த வரைவு மேசைதான். தேர்தலில் செனட் இடத்துக்கு முண்டியடிப்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

எந்தக் குழுவில் பேச்சு எடுபடும்

1. பேராசிரியர் தேர்வுக் குழு. "பெரூஃபுங்ஸ்கொமிஸியோன்" என்பார்கள். ஒரு பேராசிரியர் இடம் காலியானால் புலக்குழு இந்தத் தற்காலிகக் குழுவை அமைக்கும். அதில் மாணவருக்கும் இடம் உண்டு, பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ. விண்ணப்பங்களைப் படிப்பது, சிலரை அழைத்து மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வது, வெளியிலிருந்து மதிப்பீட்டுக் கடிதங்கள் வாங்குவது, கடைசியில் வழக்கமாக மூன்று பெயர்களை வரிசைப்படுத்துவது என்று வேலை பல மாதம் நீளும். பட்டியல் அப்புறம் புலக்குழுவுக்கும் மேலிடத்துக்கும் போகும்.

கட்டுரைகளின் எண்ணிக்கை, ஆய்வு நிதி பற்றிப் பேராசிரியர்கள் விலாவாரியாகப் பேசுவார்கள். இவர் பாடம் நடத்தினால் புரியுமா என்று கேட்க அந்த அறையில் மாணவரைத் தவிர ஆள் குறைவு. மாதிரி வகுப்புக்குத் துறை மாணவர்களைத் திரட்டி வந்து, கருத்துப் படிவம் கொடுத்து, அதைத் தொகுத்து எழுத்தில் வைக்கும் மாணவர் பிரதிநிதியை யாரும் லேசில் ஒதுக்க முடியாது. முடிவு பிடிக்கவில்லை என்றால் தனிக் கருத்தும் எழுதி இணைக்கலாம். பட்டியலோடு அதுவும் மேலே போகும். வருகிற பேராசிரியர் இருபது, இருபத்தைந்து ஆண்டு அங்கேயே இருக்கப் போகிறவர். ஒரு மாணவர் தன் படிப்புக் காலத்தில் விட்டுச்செல்லக்கூடிய ஆக நீண்ட விளைவு இதுவாகத்தான் இருக்கும். ஒரு கண்டிப்பு உண்டு: குழுவில் பேசியதை, விண்ணப்பித்தவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது. வாட்சப் குழுவில் ஒரு வரி கசிந்தாலும் முழு நடைமுறையும் சிக்கலில் மாட்டும்.

2. பாடத்திட்டக் குழு. எந்தப் பாடம் கட்டாயம், எது விருப்பம், ஒரு பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்பதெல்லாம் இங்கேதான் பேசப்படும். மாணவர் விகிதமும் இங்கே செனட்டைவிடக் கூடுதல். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் பத்துப் பேருக்கு மிகாத குழுவில் நால்வர் மாணவர். ஆங்கிலவழி முதுகலையில் சேர்ந்த வெளிநாட்டு மாணவர்கள் படும் பாடு, அதாவது ஜெர்மனில் மட்டுமே நடக்கும் விருப்பப் பாடங்கள், விசா தாமதத்தால் முதல் வாரங்களைத் தவறவிடுவது போன்றவை, பட்டவர் வந்து சொன்னால்தான் இந்தக் குழுவுக்கே தெரியும்.

3. அங்கீகாரக் குழு. ஒரு படிப்புக்குத் தர அங்கீகாரம் கொடுக்க வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர்களில் ஒருவராவது மாணவராக இருக்க வேண்டும். வேறு பல்கலைக்கழகத்தின் படிப்பை நீங்கள் மதிப்பிடப் போகலாம் என்று பொருள்.

4. பரீட்சைக் குழு. மதிப்பெண் தகராறு, மறுதேர்வு அனுமதி இங்கே வரும். மாணவர் உட்கார்ந்திருப்பார், ஆனால் ஒருவரின் தேர்வை மதிப்பிடும் கேள்வியில் பொதுவாக அவருக்கு வாக்கு கிடையாது.

ஆஸ்டாவும் பணமும்

செமஸ்டருக்கு ஒருமுறை கட்டும் கட்டணத்தில் ஒரு சிறு பகுதி மாணவர் அமைப்புக்குப் போகிறது. பெரும்பாலான மாநிலங்களில் அதில் கட்டாய உறுப்பினர் என்பதால் கட்டாயச் சந்தா. கட்டாயம் என்பதாலேயே ஒரு கட்டுப்பாடும் உண்டு: எல்லோர் பணத்திலும் நடக்கும் அமைப்பு, மாணவர் விவகாரத்தோடு தொடர்பில்லாத அரசியல் பிரச்சினைகளில் எல்லோர் பெயராலும் நிலைப்பாடு எடுக்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. எது தொடர்புள்ளது, எது இல்லாதது என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

மாணவர் கையில் இருக்கும் பஸ், ரயில் பாஸ் இந்த அமைப்புகள் பேரம் பேசி வாங்கியது. 1991-இல் டார்ம்ஸ்டாட்டில் முதல் செமஸ்டர் டிக்கெட் வந்தது. எல்லா மாணவரும் பணம் கட்டுவார்கள், அதனால் ஆளுக்கு விலை குறையும் என்பதே அதன் சூத்திரம். 2024 கோடை செமஸ்டரிலிருந்து நாடு முழுக்கச் செல்லும் மாணவர் டிக்கெட் வந்தபோது விலை மாதம் 29.40 யூரோ, அன்றைய 49 யூரோ பொது டிக்கெட்டில் 60 விழுக்காடு. அதில் சேருவதா வேண்டாமா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. வாக்களிக்காத மாணவரும் அந்த முடிவுக்குப் பணம் கட்டுகிறார்.

பவேரியாவில் மட்டும் நிலைமை வேறு. எழுபதுகளின் தொடக்கத்தில் இடதுசாரி மாணவர் அமைப்புகள் மீது எரிச்சல் கொண்ட மாநில அரசு, சட்டபூர்வ மாணவர் அமைப்பையே கலைத்துவிட்டது. பாடன்-வூர்ட்டெம்பெர்க்கும் 1977-இல் அதைப் பின்பற்றி, 2012-இல் பசுமைக் கட்சி, சமூக ஜனநாயகக் கட்சிக் கூட்டணி ஆட்சியில் திரும்பக் கொண்டுவந்தது. பவேரியா திரும்பவில்லை. அங்கே மாணவர் பிரதிநிதிகள் உண்டு. சந்தா வசூலித்துத் தன் பெயரில் ஒப்பந்தம் போடும் தனி அமைப்பு இல்லை.

மேலாளர்கள் வந்த கதை

2000-க்குப் பிறகு காற்று வேறு பக்கம் அடித்தது. பல்கலைக்கழகத்தை நிறுவனம் போல நடத்த வேண்டும் என்ற எண்ணத்தில் மாநிலங்கள் ரெக்டருக்கு அதிகாரம் கூட்டின, வெளியாட்கள் கணிசமாக இடம்பெறும் மேற்பார்வை மன்றங்களை உருவாக்கின. நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியாவின் 2007 சட்டம் இதில் பேர்போனது. இந்த முறை உரிமை இழந்தவர்களில் பேராசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் மறுபடியும் நீதிமன்றம் போனார்கள், மறுபடியும் ஜெயித்தார்கள். ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழக வழக்கில் 2014-இல் கார்ல்ஸ்ரூ நீதிமன்றமும், 2016-இல் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநில அரசியல் சாசன நீதிமன்றமும், தலைமைக்கு அதிகாரம் கூடக் கூட அதைத் தேர்ந்தெடுப்பதிலும் நீக்குவதிலும் கல்வியாளர்களின் பிடியும் கூட வேண்டும் என்றன. இரண்டு தீர்ப்பிலும் மாணவருக்கு நேரடியாக எதுவும் கிடைக்கவில்லை. சாசனம் காப்பது அறிவியல் சுதந்திரத்தை. மாணவர் பங்கேற்பு மாநிலச் சட்டத்தின் தயவில் நிற்கிறது.

கட்டணக் கேள்வி

இந்தத் தயவின் விலை வெளிநாட்டு மாணவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஏழு மாநிலங்கள் 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்லோருக்கும் செமஸ்டருக்கு 500 யூரோ வரை கல்விக் கட்டணம் கொண்டுவந்தன. போராட்டம், கையெழுத்து இயக்கம், ஆட்சி மாற்றம் என்று போய் 2014-க்குள் எல்லா மாநிலமும் அதைக் கைவிட்டன. உள்ளூர் மாணவருக்கும் பெற்றோருக்கும் மாநிலத் தேர்தலில் வாக்கு இருக்கிறது.

பாடன்-வூர்ட்டெம்பெர்க் 2017-18 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு மட்டும் செமஸ்டருக்கு 1,500 யூரோ விதித்தது. 2023-இல் நடைமுறைக்கு வந்த பவேரியச் சட்டம் இப்படிக் கட்டணம் வாங்கப் பல்கலைக்கழகங்களுக்கே அனுமதி கொடுத்தது. ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதைப் பயன்படுத்தி 2024-25 குளிர்கால செமஸ்டர் முதல் புதிதாகச் சேரும் அத்தகைய மாணவரிடம் படிப்பைப் பொறுத்து செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. மாநிலத் தேர்தலில் வாக்கில்லாதவர் மீது விழுந்த சுமை இது. மாநிலம் முடிவெடுத்தால் அவர்கள் தடுக்க வழியில்லை. ஆனால் முடிவு பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்துவிட்டால், எவ்வளவு, யாருக்கு விலக்கு, வசூலாகும் பணம் எங்கே செலவாகும் என்பதெல்லாம் குழுக்களில் பேசப்படும் விஷயமாகிவிடுகிறது. அந்தக் குழுக்களில் அவர்களுக்கு இடம் கேட்க உரிமை இருக்கிறது.

உள்ளே போவது எப்படி

தேர்தல் வரை காத்திருக்க வேண்டாம். ஃபாக்‌ஷாஃப்ட் கூட்டங்கள் பெரும்பாலும் திறந்த கூட்டங்கள், போய் உட்காரலாம். பேராசிரியர் தேர்வுக் குழுவுக்கும் பாடத்திட்டக் குழுவுக்கும் ஆள் தேடி அலைவது பெரும்பாலும் அவர்கள்தான். பல பல்கலைக்கழகங்களில் 20 விழுக்காடு வாக்குப்பதிவே பெரிய விஷயம் என்பதால் போட்டியும் கடுமையாக இருக்காது. சில இடங்களில் இடங்கள் காலியாகவே கிடக்கும். ஆஸ்டாவுக்குள் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

தடைகள் மூன்று.

முதலாவது மொழி. கூட்டமும் ஆவணமும் ஜெர்மனில்தான். ஆங்கிலவழிப் படிப்பில் இருப்பவர் பி2 (மேல் இடைநிலை) அளவு ஜெர்மனாவது இல்லாமல் செனட்டில் திணறுவார். ஃபாக்‌ஷாஃப்டில் சமாளிக்கலாம், அங்கேயே மொழியும் வளரும்.

இரண்டாவது நேரம். குழு வேலைக்காகச் செலவான செமஸ்டர்களைப் படிப்புக் கால வரம்பில் கழித்துக்கொள்ளப் பல மாநிலங்களில் விதி இருக்கிறது. ஆனால் அது தேர்வு விதிகளுக்கான சலுகை. விசாவை நீட்டிக்கும் அலுவலகம் படிப்பு முன்னேறுகிறதா என்றுதான் பார்க்கும். எந்தக் குழுவில் எத்தனை காலம் இருந்தீர்கள் என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் சான்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது பணம். ஆஸ்டா பொறுப்புகள் சிலவற்றுக்கு மாதாந்திர உதவித்தொகை உண்டு. அது மாணவர் விசாவின் வேலை நேர வரம்பில் சேருமா என்பதை, பொறுப்பை ஏற்கும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

வேட்பு மனுவுக்கான கடைசி நாள் வாக்குப்பதிவுக்குச் சில வாரங்கள் முன்பே முடிந்துவிடும். வாக்காளர் பட்டியலில் பெயர் சரியான புலத்தின் கீழ் இருக்கிறதா என்று பார்த்துத் திருத்தக் கேட்கவும் அதே காலக்கெடுதான் பெரும்பாலும். இரண்டு துறைகள் சேர்ந்து நடத்தும் முதுகலையில் படிப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எந்தப் புலத்தில் வாக்களிப்பது என்று அவர்களே தேர்ந்தெடுத்துச் சொல்லாவிட்டால் பல இடங்களில் நிர்வாகமே ஒன்றில் சேர்த்துவிடும்.